பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளையிடம் என்ன கேட்பது?

தண்டையார்பேட்டை வாசகி, 23 ஜூன் 2025

என் மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளி திறந்த முதல் வாரம் ஒழுங்காகப் போனான். இப்போது காலையில் ஷூ மாட்டும்போதே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். 'நாலு போடு போட்டால் தானாகப் போவான்' என்கிறார் மாமியார். மிஸ் அடித்தாரா என்று கேட்டேன், இல்லை என்றான். யாராவது தொட்டார்களா என்று கேட்டேன், அழ ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரே பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டுவிடட்டுமா அக்கா?

23 ஜூன், இரவு

இன்றைக்கே கிளம்ப வேண்டாம். நான் கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. மாலை நேரத்தில் என் கூடத்தில் உட்காரும் பிள்ளைகள் சொல்வதையும், சொல்ல வந்து விழுங்கிவிடுவதையும் பார்த்த பழக்கத்தில் பேசுகிறேன்.

அவன் அழுததற்குக் காரணம், யாரோ ஏதோ செய்ததாக இருக்கலாம். அல்லது கேட்ட நேரத்தில் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்ததாகவும் இருக்கலாம். 'யார், எங்கே, எப்போது' என்று அடுக்கிக்கொண்டே போனால், எட்டு வயதுப் பிள்ளை அம்மாவை அமைதிப்படுத்துவதற்காகவே ஏதோ ஒன்றைச் சொல்லும். பிறகு எது நடந்தது, எது நீங்கள் வாயில் போட்டுக் கொடுத்தது என்று பிரிக்கவே முடியாது. இன்றிரவு எதுவும் கேட்காதீர்கள். நாளை கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், எதிரில் வேண்டாம். 'பள்ளியில் உனக்குப் போகவே பிடிக்காத இடம் எது?' என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு கீரையைப் பாருங்கள். அவன் பேசாமல் இருந்தால் இருக்கட்டும், இட்டு நிரப்பாதீர்கள்.

24 ஜூன்

விட்டுப்போனது: ஞாயிற்றுக்கிழமை வலி வருகிறதா? தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் எப்படித் திரும்பி வருகின்றன?

இன்னொன்று. டாக்டர் 'ஒன்றுமில்லை' என்றால் வயிற்றில் நோய் இல்லை என்றுதான் பொருள், பையன் நடிக்கிறான் என்று பொருள் அல்ல. பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். பரீட்சை நாளில் நமக்கு வலிக்கவில்லையா? 'வலிக்கிறது என்று தெரிகிறது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாமியார் சொன்ன நாலு போடு வேலை செய்யும், நாளைக்கே போய்விடுவான். வலி அப்படியே இருக்கும், சொல்வது மட்டும் நின்றுவிடும்.

25 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை வலி இல்லையாம். தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே திரும்புகிறதாம். நல்லது, ஒரு நுனி கிடைத்துவிட்டது. தண்ணீர் குடிக்காத பிள்ளை கழிப்பறைக்குப் போகாமல் இருக்கப் பார்க்கிறது. என் வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பையை வீசிவிட்டு நேராக ஓடுவது பாத்ரூமுக்குத்தான். காலையில் இருந்து அடக்கி வைத்திருக்கிறார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லை, நாற்றம், இருட்டு, அங்கே நிற்கும் பெரிய பையன்கள் என்று ஆளுக்கு ஒரு காரணம். இவனுடைய காரணம் எது என்று அவன் சொல்லட்டும். கதவா, ஆளா என்பதை மட்டும் மெதுவாக விசாரியுங்கள்.

26 ஜூன்

மணலியில் இருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: 'நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?'

அண்ணே, அதை உங்கள் வீட்டில் இருப்பவர்கள் சொல்லட்டும். நானும் வாங்கியவள்தான். மதிப்பெண் குறைந்தால் குடைக்கம்பி. அது எனக்குக் கணக்கைக் கற்றுத்தரவில்லை, அப்பாவின் கையெழுத்தை அச்சு மாறாமல் போடக் கற்றுத்தந்தது. எட்டாம் வகுப்பில் தெருப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு நான்தான் தந்தையார்.

சட்டமும் கேட்டிருந்தார். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரம்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. 'உன் அக்கா தங்கம், நீ தகரம்' என்று நாற்பது பேர் முன்னால் சொல்வதும் அதில்தான் வரும். கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் அப்படியே. கடன் அப்பாவுடையது, நிற்பது ஆறாம் வகுப்புப் பெண்.

30 ஜூன்

தண்டையார்பேட்டைத் தங்கை சொல்லிவிட்டார், அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இருவர், இவன் உள்ளே போனதும் கதவை வெளியில் இருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருமுறை இடைவேளை மணி அடித்த பிறகும் விடவில்லை. தாமதமாக வந்ததற்கு மிஸ் வெளியே நிறுத்தினார். அன்று முதல்தான் தண்ணீர் குடிப்பதில்லை. தலைமை ஆசிரியையிடம் பேசியதும், இடைவேளையில் ஆயா அங்கே நிற்க ஏற்பாடு செய்துவிட்டார்களாம்.

உடனே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், 'இவ்வளவுதானா?' என்று. இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. உங்களை இருட்டில் பூட்டிவிட்டு வெளியே சிரித்தால் நீங்கள் போலீஸைக் கூப்பிடுவீர்கள். 'இவ்வளவுதானா' என்று சின்ன விஷயத்துக்குச் சிரிக்கிற வீட்டில், பெரிய விஷயம் நடந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

அந்த இரண்டு பையன்களுக்கும் டி.சி. கொடுக்க வேண்டும் என்கிறார் தங்கை. அதில் உடன்பாடு இல்லை. பத்து வயது. அவர்களையும் உட்கார வைத்து யாராவது பேச வேண்டும், அவர்கள் வீட்டையும் பார்க்க வேண்டும். டி.சி. கொடுத்தால் வேறொரு பள்ளியில் வேறொரு கதவைப் பிடிப்பார்கள்.

1 ஜூலை

தாழ்ப்பாள் பற்றி: மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்கு அல்ல அந்தக் குழு. தாழ்ப்பாளையும் பல்பையும் தீர்மானமாக எழுத வையுங்கள்.

5 ஜூலை

தனிச்செய்தியில் ஒரு அம்மா கேட்டார்: 'கதவு இல்லை, ஆள்தான் என்று வந்திருந்தால்?' இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

எனக்கு அது நேர்ந்திருக்கிறது. யார், எந்த வருடம், எந்தத் தெரு என்று எதுவும் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளை நோட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னாள். எனக்கு உள்ளே நடுங்கியது. அவள் ஓரக்கண்ணால் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சொன்னது நல்லது. உன் மேல் தப்பு இல்லை. இதை நான் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது, உதவி செய்பவர்களிடம் சொல்வேன்' என்றேன். அதற்கு மேல் துருவவில்லை. அவள் போன பிறகு, அவள் சொன்ன வார்த்தைகளையே அப்படியே எழுதி வைத்தேன். பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தேன்.

அழைத்தது என் பெருந்தன்மை இல்லை, அது கடமை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். பெற்றோர்தான் புகார் தர வேண்டும் என்று சொன்ன வியாசர்பாடித் தம்பி கவனிக்க. தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு வராது என்பதும் அதே 19ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடிப்போம்' என்கிற தாளாளரிடம் இந்தப் பிரிவு எண்ணை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை உட்கார வைப்பார்களே என்று பயப்படுகிறார்கள். சட்டம் அதைச் சொல்லவில்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டில், அல்லது பிள்ளைக்கு வசதியான இடத்தில் வாங்க வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக்கூடாது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு. நடைமுறையில் எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் கேட்கலாம், 'சீருடை இல்லாமல் வாருங்கள் மேடம்' என்று. கேட்டால் வருகிறார்கள்.

அந்தக் குடும்பம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அந்தத் தெருவில் இருந்து வந்த மற்றப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். வாடகை கொடுக்கத் திண்டாடினேன். அதற்காக வருத்தமில்லை. வருத்தம் வேறு: அந்தப் பிள்ளையைக் கண்ட இடத்திலெல்லாம் 'பாவம்' என்று உச்சுக் கொட்டினார்களே, அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

6 ஜூலை

ஒரு வாட்ஸ்அப் குழுவில் வேறொரு பிள்ளையின் புகைப்படத்தைப் போட்டு 'நீதி வேண்டும்' என்று சுற்றவிடுவதாக ஒருவர் சொன்னார். நிறுத்தச் சொல்லுங்கள். பெயர், முகம், முகவரி, பள்ளி, அக்கம்பக்கம் எதையும் வெளியிட போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. உங்கள் கோபத்துக்கு அந்தப் பிள்ளையின் முகம் எதற்கு?

9 ஜூலை

'எனக்கு இரண்டும் பையன்கள், இந்தக் கவலை இல்லை' என்று ராயபுரத்தில் இருந்து ஒரு வரி. துளிர் என்ற சென்னை அமைப்பு, 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் கேட்டது. ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். பெண்பிள்ளைகளில் 39, ஆண்பிள்ளைகளில் 48. தட்டச்சுப் பிழை இல்லை, திரும்பப் படியுங்கள். போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை.

அடுத்தது, 'தெரியாதவர்களிடம் பேசாதே' என்ற பாடம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தரும் போக்சோ கணக்கில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் செய்தவர் பிள்ளைக்குத் தெரிந்தவர். நாமோ பூச்சாண்டிக்காரனைக் காட்டிக் காட்டியே, மாமாவுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

10 ஜூலை

ஆமாம், மாமா எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. மாமாக்கள் அணிதிரண்டு வர வேண்டாம். முத்தம் கொடுக்க விரும்பாத பிள்ளை வணக்கம் சொல்லட்டும் என்கிறேன், அவ்வளவுதான். நல்ல மாமா அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

14 ஜூலை

பள்ளிகளில் இதற்கெல்லாம் ஏற்பாடே இல்லையா என்று கேட்கிறீர்கள். காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 2021இல் சென்னைப் பள்ளிகளில் எழுந்த பாலியல் புகார்களுக்குப் பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள். 14417 என்ற கல்வித்துறை உதவி எண் இருக்கிறது. 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' என்று தொடங்கிப் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அணி பிரித்தார்கள். என் டியூஷனில் பாலைக்கும் நெய்தலுக்கும் தினமும் தகராறு. நெய்தல் என்றால் காசிமேடு, ஆகவே தாங்கள்தான் பெரியவர்கள் என்று ஒரு கட்சி.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துப் பள்ளி ஒன்றில் அது தலைமை ஆசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கியது. ஒரு பிள்ளை அங்கே போய்ச் சீட்டுப் போட்டால் மதியத்துக்குள் மூன்று வகுப்புக்குத் தெரிந்துவிடும். சாக்லேட் காகிதம்தான் விழுந்தது. நூலகத்துக்குள் மாற்றச் சொல்லி ஒரு ஆசிரியை மல்லுக்கட்டி மாற்றினார். அதன் பிறகு சீட்டு வர ஆரம்பித்ததாம். பெரும்பாலும் எழுத்துப்பிழையோடு, பெரும்பாலும் கழிப்பறை பற்றி.

18 ஜூலை

பள்ளியையே திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு ஆசிரியை வருத்தப்பட்டார். நியாயம். வீட்டுக்கு வருவோம்.

இங்கே பல வீடுகள் ஒரே அறை. குடியிருப்பு வாரிய வீடானாலும், லைன் வீடானாலும் அப்பா அம்மா சண்டைக்குத் தனி அறை கிடையாது, பிள்ளை காதை மூடிக்கொள்ளவும் இடம் கிடையாது. சண்டையே போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஒன்றை மட்டும் சொல்வேன்: பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். 'உங்கப்பாவிடம் சொல், சோறு இருக்கிறது, வேண்டுமானால் தின்னட்டும்.' 'உங்கம்மாவிடம் சொல், எனக்கு வேண்டாம்.' மூன்றடி தூரத்தில் இருவரும் இருக்க, நடுவில் ஏழு வயதுப் பிள்ளை அந்த வாக்கியங்களைச் சுமந்து போகிறது. என்னிடம் படித்த ஒருத்தி அவற்றை வழியிலேயே திருத்திவிடுவாள். 'அப்பா, அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்' என்பாள். எல்லோரும் அவளைச் சமர்த்து என்றார்கள். இரவில் நகத்தைச் சதை தெரியக் கடித்துக்கொண்டிருந்தாள் அந்தச் சமர்த்து.

சண்டை முடிந்த பிறகு 'இது எங்கள் சண்டை, உன்னால் இல்லை' என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நம் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

19 ஜூலை

எண்ணூரில் இருந்து ஒருவர்: 'எங்கள் பிள்ளைகளுக்கு வீடும் பள்ளியும் மட்டும் பிரச்சினை இல்லை, காற்றே பிரச்சினை.' உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம், அதோடு முகத்துவாரத்தில் எண்ணெய், பிறகு 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியாக் கசிவு. இருட்டில் ஊரே கிளம்பி ஓடியது. அந்தப் பக்கத்தில் இருந்து அத்தை வீட்டுக்கு வந்து தங்கிய பையன் ஒருவன் என்னிடம் படித்தான். வீட்டில் பினாயில் பாட்டிலைத் திறந்தால் போதும், பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தை 'பயந்தாங்கொள்ளி' என்றாள். அவனோ ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்: நாற்றம் வந்தால் ஓட வேண்டும். பினாயில் திறக்கும் முன் அவனிடம் காட்டி, மோந்து பார்க்கச் சொல்லி, பிறகு திறந்தேன். கொஞ்ச நாளில் அவனே துடைக்கிறேன் என்று வந்தான். தூக்கமே வராத பிள்ளைகளுக்கு இது போதாது, 14416க்கு அழையுங்கள். மனநல ஆலோசனைக்கான இலவச எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. 'பைத்தியமா என் பிள்ளை' என்று யாரும் கிளம்ப வேண்டாம், பல்வலிக்குப் பல் டாக்டரிடம் போகிறோம்.

27 ஜூலை

மணலி அண்ணன் மறுபடியும். 'ரேங்க் போட்டால்தான் பிள்ளை படிக்கும்.' பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. எங்கள் தெரு முனையில் இன்னும் பேனரில் முகங்கள் தொங்குகின்றன. அந்தப் பேனரில் இல்லாதவனும் தினமும் அதற்குக் கீழேதான் நடந்து போகிறான். அண்ணனோடு இதில் ஒத்துப்போகமாட்டேன், அவரும் மாறமாட்டார், விடுங்கள்.

கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் கிளப்புகள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அவை பெரிய வரம். பல கோச்சுகள் தங்கள் காசைப் போட்டுப் பூட்ஸ் வாங்கித் தருகிறார்கள். அதனாலேயே அவர்களைக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேளுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளையோடு யார் போகிறார்கள், இரவு எங்கே தங்குகிறார்கள், அறையில் எத்தனை பேர். நல்ல கோச் பதில் வைத்திருப்பார்.

2 ஆகஸ்ட்

கடைசியாக ஒரு கேள்வி, கொஞ்சம் குத்தலாகவே வந்திருக்கிறது: 'எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் டியூஷனை யார் கண்காணிக்கிறார்கள்?'

யாரும் இல்லை. பள்ளிக்காவது ஒரு குழு, ஒரு பெட்டி. என் கூடத்துக்கு ஒன்றும் கிடையாது. என்னை நம்பி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அது போதாது என்று நானே சொல்கிறேன். ஆகவே நான் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், மற்ற டியூஷன்களிலும் கேளுங்கள். வகுப்பு நடக்கும்வரை வாசல் கதவு திறந்தே இருக்கும். கடைசியாக ஒரே பிள்ளை மிஞ்சினால் இருவரும் திண்ணைக்கு வந்துவிடுவோம். அந்த நேரத்தில் என் வீட்டு ஆண்கள், விருந்தாளிகள் யாரும் உள்ளே வரமாட்டார்கள், என் தம்பி உட்பட. அவன் கோபித்துக்கொண்டான், இருக்கட்டும். எந்த அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து எட்டிப் பார்க்கலாம்.

இதுவரை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. கட்டணத் தேதியில் மட்டும் வருகிறீர்கள், அதுவும் தள்ளிப்போடத்தான்.